"அக்கா, இந்த வேலைக்கு வரலாமா?": பத்திரிகை, டிவி வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1998இல் மதுரையில் ஒரு நாளிதழின் டெஸ்கில் சேர்ந்தேன். 13 வருடம் அங்கே. அப்புறம் சென்னையில் செய்தி சேனல். 2020இல் வேலை போனது. இப்போது வீட்டிலிருந்தபடி எடிட்டிங், வாரத்தில் இரண்டு நாள் ஒரு கல்லூரியில் இதழியல் வகுப்பு. வகுப்பு முடிந்த பிறகு வராந்தாவில், கல்யாண வீட்டுப் பந்தியில், ரயிலில் எதிர் சீட்டில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. பதில்கள் தமிழ்நாட்டில் நான் பார்த்ததையும் செய்ததையும் வைத்துச் சொல்பவை.

"நிருபர், செய்தியாளர், ஊடகவியலாளர்... எல்லாம் ஒண்ணுதானா மேடம்?"

வெளியே போய்ச் செய்தி கொண்டுவருபவர் நிருபர். டிவியில் அவரையே செய்தியாளர் என்கிறார்கள். வந்த செய்தியைத் திருத்தி, சுருக்கி, தலைப்புப் போட்டுப் பக்கத்தில் ஏற்றுபவர் உதவி ஆசிரியர், அதாவது சப் எடிட்டர். அவர் உட்காரும் இடத்துக்கு டெஸ்க் என்று பெயர். பத்திரிகையாளர் என்பது எல்லோருக்கும் பொது. டிவியும் இணையமும் வந்தபின் 'பத்திரிகை' என்ற சொல் போதாமல் ஊடகவியலாளர் என்கிறோம். இலங்கைத் தமிழர்களுக்கு அது வெகுநாள் பழக்கம்.

நிருபருக்குப் பைலைன், அதாவது செய்தியோடு அவர் பெயர், உண்டு. டெஸ்க்காரருக்குக் கிடையாது. 13 வருடத்தில் என் பெயர் பேப்பரில் வந்தது நான்கு தடவை. அதில் ஒன்று என் கல்யாணத்துக்கு ஆபீஸ் போட்ட வாழ்த்து.

"ஜர்னலிசம் டிகிரி கட்டாயமா?"

இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் மிகச் சிறந்த நிருபர் பத்தாம் வகுப்பு. ஆனால் அவர் வந்த காலத்தில் எட்டு வருடம் ஒரு சீனியரின் திட்டை வாங்கிக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தது. இப்போது முதல் நாளே மைக்கைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் எங்காவது ஓரிடத்தில் கொஞ்சம் கற்றுக்கொண்டு வருவது நல்லது. தமிழில் பிழையில்லாமல் எழுதவும், ஆங்கிலத்தில் ஒரு அரசாணையைப் படித்துப் புரிந்துகொள்ளவும் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

"செல்போனே இல்லாத காலத்துல ஊர்ல நடந்த செய்தி எப்படிக்கா ஆபீசுக்கு வரும்?"

பஸ்ஸில் வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கம்பம், போடி, பழனி, பரமக்குடி என்று ஊருக்கு ஒரு நிருபர் இருப்பார். வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, பிலிம் ரோல் இருந்தால் அதையும் வைத்து, காக்கி கவரில் போட்டு ஒட்டி, மேலே பத்திரிகை பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, மதியம் இரண்டு மணி மதுரை வண்டி கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். எங்கள் ஆபீஸ் பையன் பஸ் ஸ்டாண்டில் நின்று வண்டி வண்டியாக வாங்கிக்கொண்டு, ஆறு மணிக்கு ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேஜையில் கொட்டுவான். எல்லாக் கவரிலும் டீசல் வாசனை அடிக்கும். போடி கவரில் மட்டும் சில நாள் ஏலக்காய் மணக்கும். அவசரம் என்றால் எஸ்டிடி பூத்திலிருந்து போன், இல்லாவிட்டால் ஃபேக்ஸ். எங்களுக்கு முந்தைய தலைமுறை சலுகைக் கட்டணத்தில் செய்தித் தந்தி அடித்தது. அந்தத் தந்திச் சேவையே 2013 ஜூலையோடு நின்றுவிட்டது.

கேட்பவர்கள் இதை "ஐயோ பாவம்" என்ற முகத்தோடு கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிருபர் மதியம் எழுதியது அச்சுக்குப் போக இரவு பத்தாகும். நடுவில் எட்டு மணி நேரம். "கல்வீச்சில் ஐந்து பேர் காயம்" என்று எழுதியிருப்பார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "மூணு பேர்தாம்மா அட்மிட், ரெண்டு பேரு கூட வந்தவங்க" என்பார்கள். ஐந்து மூன்றாகும். பிறகு ப்ரூப் ரீடர் அறையில் ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் கண்ணால் ஓட்டுவார், ஒரு இனிஷியல் மாறும். என்னைக் கேட்டால் தொழில் என்பதே அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் இருந்தது. இன்று நிருபர் சம்பவ இடத்திலிருந்தே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், நான்கு நிமிடத்தில் அது வாசகர் கையில் இருக்கிறது. ப்ரூப் ரீடர் என்ற வேலையே பல ஆபீஸ்களில் இல்லை.

பழைய வழி ஒரே ஒருமுறை திரும்பி வந்தது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தைத் துண்டித்தார்கள். அப்போது நிருபர் போனில் வரி வரியாகச் சொல்ல, நாங்கள் பேப்பரில் எழுதிக்கொண்டோம். எங்கள் டெஸ்கில் இருந்த இளம்பிள்ளைகளுக்குக் கை வலித்துவிட்டது.

"டூட்டி எத்தனை மணி நேரம்? ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா?"

சட்டத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955இல் வந்தது. நான்கு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அதன் விதிகளின்படி பகல் ஷிஃப்ட் ஆறு மணி நேரம், இரவு ஷிஃப்ட் ஐந்தரை. இதைக் கடைப்பிடித்த ஒரு ஆபீஸை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பேப்பரில் ஒரு முடிவு இருந்தது. கடைசி எடிஷன் போய்விட்டால் மறுநாள் மதியம் வரை யாரும் உங்களைத் தேட மாட்டார்கள்.

இப்போது எடிஷன் என்று ஒன்று முடிவதே இல்லை. ஒரே செய்தியாளர் லைவ் கொடுக்க வேண்டும், வெப்சைட்டுக்கு எழுத வேண்டும், ரீல்ஸுக்கு செங்குத்தாக ஒரு வீடியோ எடுக்க வேண்டும். ஞாயிறு லீவைப் பொறுத்தவரை, வார விடுப்பு உண்டு, அது ஞாயிறாக இருக்காது. பொங்கல், தீபாவளி லீவெல்லாம் மறந்துவிடுங்கள்.

"சம்பளம் எவ்வளவு வரும்? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

1998இல் எனக்கு மாதம் 1,800 ரூபாய். இப்போது சென்னையில் சேனலிலோ வெப்சைட்டிலோ சேரும் என் மாணவர்கள் சொல்வது பதினைந்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் நடுவே. வேளச்சேரியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு ரூம் எடுத்தால் தாக்குப் பிடிக்கலாம். பத்து வருடம் தாண்டினால் மரியாதையான சம்பளம் வரும், ஆனால் பத்து வருடம் தாண்டியவர்களைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறார்கள். கடைசிக்கு முந்தைய கேள்வியில் அது வருகிறது.

"எங்க ஊர் நிருபருக்குச் சம்பளமே கிடையாதுன்னு சொல்றாங்களே, அப்புறம் எப்படிச் சாப்பிடுறார்?"

பெரும்பாலும் உண்மை. தாலுகா அளவில் இருப்பவர்கள் பகுதிநேர நிருபர்கள். மாதம் ஒரு சிறு தொகை, அல்லது வந்த செய்தியின் அளவை வைத்து ஒரு கணக்கு. எனக்குத் தெரிந்து ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், எல்.ஐ.சி. ஏஜென்ட், தனியார் பள்ளி ஆசிரியர், பேப்பர் ஏஜென்டே நிருபராகவும் இருந்தவர் என்று பலர் உண்டு. செய்தி கொடுப்பது அவர்களுக்கு ஊரில் ஒரு அந்தஸ்து, அவ்வளவுதான் வரும்படி.

இதற்கு மேல் விளம்பரம் பிடிக்க வேண்டும். ஆண்டுவிழா மலர், பொங்கல் மலர், தலைவர் பிறந்தநாள் என்று வந்தால் ஆபீஸிலிருந்து போன் போகும்: "உங்க ஏரியாவுல இந்தத் தடவை எவ்வளவு?" கமிஷன் அதில்தான். சரி, இப்போது யோசித்துப் பாருங்கள். பேரூராட்சித் தலைவரிடம் காலையில் அரைப் பக்க விளம்பரம் கேட்டவர், அதே தலைவர் போட்ட ரோடு மூன்று மாதத்தில் பெயர்ந்ததை மாலையில் எழுத வேண்டும். பழனிப் பக்கத்து நிருபர் ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பும்போது சில கவர்களின் மூலையில் பென்சிலில் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். "என் பேர் வராம, டெஸ்க்ல விசாரிச்ச மாதிரி போடுங்க" என்று அதற்கு அர்த்தம். நான் போட்டிருக்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் புள்ளியை எங்கே வைப்பது?

"கவர் வாங்குவீங்களாமே?"

எங்கள் தொழிலில் கவருக்கு இரண்டு அர்த்தம். ஒன்று மேலே சொன்ன பஸ் கவர். இன்னொன்று நீங்கள் கேட்பது. பிரஸ் மீட் முடிந்ததும் பத்திரிகைக் குறிப்போடு சேர்த்துக் கொடுக்கும் வெள்ளைக் கவர். உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். வாங்காதவர்களும் உண்டு. டீயைக் கூடக் காசு கொடுத்துக் குடிக்கும் ஒரு மூத்த நிருபர் மதுரையில் இருந்தார். அவர் வந்தால் கவர் கொடுக்கிறவர்களுக்கே கை நடுங்கும்.

மனோபாவம் எப்படி மாறியது என்று கேட்டால், முன்பு வாங்கியவர்கள் ஒளித்து வாங்கினார்கள். அப்புறம் "பெட்ரோல் காசு" என்று பெயர் வந்தது. இப்போது சில இடங்களில் ஜிபேயில் வந்துவிடுகிறது, கவரே தேவைப்படவில்லை. சம்பளம் கொடுக்காமல் அடையாள அட்டையை மட்டும் கொடுத்து அனுப்பும் நிறுவனத்துக்கு இது நன்றாகத் தெரியும். முந்தைய பதிலோடு சேர்த்துப் படித்தால் யார்மீது கோபப்படுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். நான் நிருபர்மீது பாதிதான் கோபப்படுவேன்.

"மஜீதியா மஜீதியான்னு சங்கத்துல பேசிட்டே இருப்பாங்களே, அது என்ன?"

1955 சட்டப்படி பத்திரிகை ஊழியர்களுக்கு அவ்வப்போது ஊதியக் குழு அமைக்க வேண்டியிருந்தது. பாலேகர், பச்சாவத், மணிசானா என்று வந்த வரிசையில் கடைசிக் குழு நீதிபதி மஜீதியாவுடையது. அவர் சொன்ன சம்பளத்தை மத்திய அரசு 2011 நவம்பர் 11 அன்று அறிவித்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2014 பிப்ரவரி 7 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது.

வேடிக்கை வேறு இடத்தில் இருந்தது. பரிந்துரையில் 20(ஜெ) என்று ஒரு பிரிவு. பழைய சம்பளமே போதும் என்று நினைப்பவர் அரசு அறிவிப்பு வந்த மூன்று வாரத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். பல ஆபீஸ்களில் எச்.ஆர். மேஜையில் தட்டச்சு செய்த தாள்கள் அடுக்கி வைக்கப்பட்டன. எங்கள் ஆபீஸிலும்தான். "எனக்கு இப்போது கிடைக்கும் ஊதியமே திருப்திகரமாக உள்ளது" என்று ஒரு வரி, கீழே கையெழுத்துக்குக் கோடு. எனக்கு முன்னால் நின்றவர் அதைப் படித்துவிட்டு, "நல்ல தமிழ், பிழையே இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். 2017 ஜூன் 19 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அந்தப் பிரிவைக் காட்டி ஊதியக் குழு சொன்னதற்குக் குறைவாகக் கொடுக்க முடியாது, ஒப்பந்த ஊழியருக்கும் இது பொருந்தும் என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் வேண்டுமென்றே மீறியதாகச் சொல்ல முடியாது என்று நிர்வாகங்களை அவமதிப்பு வழக்கிலிருந்து விட்டுவிட்டது. பாக்கி வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தொழிலாளர் அதிகாரியிடம் போக வேண்டும். வேலையில் இருந்துகொண்டே யார் போவார்கள்?

இது ஒரு பக்கம் இருக்க, அதே 1955 சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு இடம் இருந்தது. மூன்று வருடம் வேலை பார்த்த பத்திரிகையாளர் மனச்சாட்சி காரணமாக ராஜினாமா செய்தால் பணிக்கொடை உண்டு என்றது. மற்ற காரணத்துக்கு ராஜினாமா என்றால் பத்து வருடம் ஆகியிருக்க வேண்டியிருந்தது. மனச்சாட்சியை வரவு செலவில் எழுதிய சட்டம் வேறு எந்தத் தொழிலுக்கு இருக்கிறது?

"டிவி, வெப்சைட்ல இருக்கிறவங்களுக்கும் அந்தச் சட்டம் உண்டா?"

நான் சேனலில் இருந்த காலம் முழுக்க இல்லை. அப்போதைய சட்டத்தின் பார்வையில் செய்தித்தாள் ஆபீஸில் இருப்பவர்தான் பத்திரிகையாளர். புதிய தலைமுறை 2011இல் வந்து, அடுத்தடுத்துச் செய்தி சேனல்கள் முளைத்தபோது பேப்பரிலிருந்து நிறையப் பேர் கூடுதல் சம்பளத்துக்காகத் தாவினோம். தாவும்போது எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

1955 சட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. அதில் 'உழைக்கும் பத்திரிகையாளர்' என்ற வரையறைக்குள் மின்னணு ஊடகமும் டிஜிட்டல் ஊடகமும் வந்துவிட்டன. காகிதத்தில் நல்லதுதான். சட்டத்துக்கும் ஆபீஸுக்கும் உள்ள தூரத்துக்கு டூட்டி நேரம் பற்றிய பதிலைப் பார்க்கவும்.

"என் பொண்ணு மீடியாவுக்குப் போறேன்கிறா. அனுப்பலாமாம்மா?"

நான் சேர்ந்தபோது எங்கள் டெஸ்கில் இருந்த ஒரே பெண் நான். "எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடும்மா" என்று அக்கறையாகச் சொல்வார்கள். நானும் நன்றியோடு போய்விடுவேன். முதல் பக்கம் பதினோரு மணிக்குத்தான் முடியும் என்பதும், முதல் பக்கம் போடாதவர் எந்தக் காலத்திலும் செய்தி ஆசிரியர் ஆக மாட்டார் என்பதும் புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது. நைட் ஷிஃப்ட் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கொடுத்தார்கள். வீட்டுக்குப் போக வண்டி மட்டும் கொடுக்கவில்லை. ஆட்டோ செலவு சம்பளத்தில் கால்வாசி போனது.

செய்தி சேனல்கள் வந்தபின் பெண்கள் நிறைய வந்தார்கள். களத்தில் மைக்கோடு பெண் நிற்பது இப்போது யாருக்கும் அதிசயம் இல்லை. ஆனால் 2018 ஏப்ரலில் ராஜ்பவன் பிரஸ் மீட்டில் கேள்வி கேட்ட பெண் செய்தியாளரின் கன்னத்தில் ஆளுநர் தட்டிவிட்டுப் போனார். அந்தச் செய்தியாளர் அதைச் சும்மா விடவில்லை. ஆளுநர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். என் காலத்தில் அது நடந்திருந்தால் "பெரியவர், பாசத்துல தட்டினார்" என்று நாங்களே சொல்லியிருப்போம். இந்த ஒரு விஷயத்தில் இளையவர்கள் எங்களைவிட நூறு மடங்கு மேல். அனுப்புங்கள். சேரும்போது, "இங்கே புகார்க் குழு இருக்கா, தலைவர் யாரு?" என்று கேட்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் அது இருந்தே ஆக வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. கேள்வியைக் கேட்டதும் எச்.ஆர். முகம் எப்படி மாறுகிறது என்பதை வைத்தே ஆபீஸைத் தெரிந்துகொள்ளலாம்.

"யார் முதல்ல போடுறதுன்னு ஏன் இப்படி அடிச்சுக்கிறீங்க? தப்பாப் போட்டா என்ன ஆகும்?"

ஒன்றும் ஆகாது. அதுதான் பிரச்சினை.

2016 டிசம்பர் 5. ஜெயலலிதா அப்போலோவில் சேர்ந்து 75ஆவது நாள். எங்கள் செய்தியாளர்கள் ஷிஃப்ட் போட்டு கிரீம்ஸ் ரோடு நடைபாதையிலேயே கிடந்தார்கள். மாலை ஐந்தரை சுமாருக்கு நான் அவுட்புட் டெஸ்கில், அதாவது திரையில் என்ன ஓடும் என்று முடிவாகும் இடத்தில், இருக்கிறேன். எதிர்ச் சுவரில் மற்ற சேனல்கள் ஓடும் டிவிக்கள். ஒன்றில் சிவப்புப் பட்டை விழுந்தது: காலமானார். அரை நிமிடத்தில் இரண்டாவது டிவி. "நம்ம ஏன் இன்னும் போடல?" என்று பின்னாலிருந்து சத்தம். வாசலில் நின்ற எங்கள் செய்தியாளர் போனில், "உள்ளேயிருந்து எதுவும் கன்ஃபர்ம் ஆகல, போடாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். அறையில் யாரும் "உண்மையா?" என்று கேட்கவில்லை, "யார் யார் போட்டிருக்காங்க?" என்றுதான் கேட்டார்கள். நாங்களும் போட்டோம். கட்சி அலுவலகத்தில் கொடியை இறக்கினார்கள். மருத்துவமனை மறுத்தது. கொடியை மறுபடி ஏற்றினார்கள். பட்டையை எடுத்தோம். இரவு 11.30க்கு அவர் இறந்ததாக மருத்துவமனை அறிவித்தது நள்ளிரவு தாண்டி.

அந்தச் சில மணி நேரத்துக்காக எங்கள் ஆபீஸில் யாரும் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பட்டையைத் தட்டச்சு செய்தது என் விரல். நானும் கேட்கவில்லை. பஸ் கவர் காலத்தில் என்றால் அந்த எட்டு மணி நேரமே எங்களைக் காப்பாற்றியிருக்கும்.

"சாவு வீட்டுல போய் மைக்கை நீட்டுறீங்களே, மனசே கிடையாதா?"

2019 அக்டோபர், மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டி. ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை. இடையில் தீபாவளி. நான்கு நாள் எல்லா சேனலும் அங்கிருந்து லைவ். எங்கள் செய்தியாளர் தம்பி ஒருவன் நான்கு நாளும் அங்கே நின்றான். திரும்பி வந்து கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, "அக்கா, அந்த அம்மாகிட்ட ஒரு வாய் தண்ணியாவது குடிங்கன்னு சொல்லணும் போல இருந்துச்சு. காதுல ஆபீஸ்லேருந்து 'ஒரு பைட் எடு, ஒரு பைட் எடு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றான். பைட் என்றால் கேமரா முன்னால் ஒருவர் பேசும் ஓரிரு வரி. எடுத்தியா என்று நான் கேட்கவில்லை. எடுத்திருந்தான், நான்தான் அதை ஓட்டினேன்.

எங்கள் தலைமுறையில் அழாமல் இருப்பது ஒரு பெருமை. 2004 கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அன்று இரவு பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்து, வயதைச் சரிபார்த்து, பக்கத்தை அனுப்பிவிட்டு, எல்லோரும் பரோட்டா சாப்பிடப் போனோம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்றைய பிள்ளைகள் பேசுகிறார்கள். "எனக்குத் தூக்கம் வரல, ரெண்டு நாள் லீவு வேணும்" என்று தைரியமாகக் கேட்கிறார்கள். எங்கள் சீனியர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. மனசு இருக்கிறதா என்று கேட்டீர்களே, இருக்கிறது. அது காதில் மாட்டிய இயர்போனுக்கு மறுமுனையில் இருப்பவருக்கும் கேட்டால் நன்றாக இருக்கும்.

"வியூஸ் பார்த்துத்தான் செய்தி போடுறீங்களா?"

ஆமாம். பேப்பரில் எது படிக்கப்பட்டது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. வாசகர் கடிதமும் டீக்கடையும்தான் கணக்கு. இப்போது ஒவ்வொரு செய்தியையும் எத்தனை பேர், எத்தனை வினாடி படித்தார்கள் என்று திரையில் ஓடுகிறது. நூலகம் மூடிக் கிடப்பதைப் பற்றி நான்கு நாள் அலைந்து எழுதியதை முந்நூறு பேர் படித்ததும், நடிகரின் விவாகரத்தை மூன்று லட்சம் பேர் படித்ததும் எழுதினவருக்குத் தெரிந்தே விடுகிறது. தெரிந்த பிறகு மறுபடி நூலகத்துக்குப் போக ஒரு பிடிவாதம் வேண்டும்.

"யூடியூப் சேனல் வச்சிருக்கவரும் பத்திரிகையாளர்தானா?"

கேமரா வைத்திருப்பதால் ஆகிவிட மாட்டார். பெரிய நிறுவன அட்டை இல்லாததால் ஆகாமலும் போக மாட்டார். வேலை போன நல்ல செய்தியாளர்கள் சிலர் யூடியூபில் செய்யும் விசாரணையைச் சேனலில் செய்யவே முடியாது. அதே யூடியூபில் 'பிரஸ்' என்று வண்டியில் ஒட்டிக்கொண்டு குவாரிகளில் வசூல் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றுதான்: குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போன் போட்டுக் கேட்டாரா?

அரசு அங்கீகார அட்டை பற்றியும் இதோடு கேட்பார்கள். அதைக் கொடுப்பது செய்தி மக்கள் தொடர்புத் துறை. பஸ் பாஸ், கோட்டைக்குள் போக வசதி போன்றவை அதனால் கிடைக்கும். அது ஒருவரைப் பத்திரிகையாளர் ஆக்குவது இல்லை.

"நடுநிலைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல எல்லாரும் கட்சிக்காரங்கதானா?"

தமிழ்நாட்டில் கட்சிக்கு ஒரு சேனல் இருப்பது ஊரறிந்த விஷயம். அங்கே வேலை பார்ப்பவர் எல்லோரும் கட்சிக்காரர்கள் இல்லை. என் நண்பர் ஒருவர் எதிரெதிர் கட்சிச் சேனல்கள் இரண்டிலும் இருந்திருக்கிறார், எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடாதவர். மாறியது என்ன என்றால், அன்று பத்திரிகையாளரின் சொந்தக் கருத்து யாருக்கும் தெரியாது. இன்று காலையில் ட்விட்டரில் ஒரு கட்சியைக் கிழித்துவிட்டு மாலையில் அதே கட்சியின் பிரஸ் மீட்டுக்குப் போகிறார்கள். மறைத்து வைத்திருந்ததைவிட இது நேர்மை என்று இளையவர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஆனால் எங்கள் 'நடுநிலை'யில் யார் வீட்டுச் செய்தி உள்ளே வந்தது, எந்தத் தெருச் செய்தி 'இட நெருக்கடி'யில் நின்றுபோனது என்று அவர்கள் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை.

"கேஸ் போட்டா ஆபீஸ் பார்த்துக்குமா? சோர்ஸ் யாருன்னு கோர்ட் கேட்டா சொல்லணுமா?"

நிரந்தர ஊழியர் என்றால் ஆபீஸ் வக்கீல் வருவார். பகுதிநேர நிருபருக்குப் பல சமயம் "அவர் எங்கள் ஊழியரே இல்லை" என்ற பதில்தான் வரும். அவதூறு இன்னும் கிரிமினல் குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டம் போய் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 356ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் அரசுகள் போட்ட அவதூறு வழக்குகளுக்குக் கணக்கில்லை. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பல ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள் மீதிருந்த அப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்தது.

சோர்ஸ் (நமக்குத் தகவல் சொன்னவர்) விஷயம் சிக்கலானது. பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில் முன்னால் சோர்ஸைச் சொல்ல வேண்டியதில்லை என்று 1978 சட்டம் சொல்கிறது. கோர்ட்டில் அப்படி ஒரு பாதுகாப்பைத் தரும் சட்டம் இல்லை. இப்போது ஆளைக் கேட்கவும் வேண்டாம், போனை எடுத்துக்கொண்டால் போதும். அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். வெளியான விவகாரத்தில் சிறப்புப் புலனாய்வுக் குழு செய்தியாளர்களின் போன்களைப் பறித்தது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. என் காலத்தில் சோர்ஸ் பெயர் என் தலைக்குள் இருந்தது. பென்சில் புள்ளியை நினைத்துப் பாருங்கள். அதைக் கைப்பற்ற முடியாது.

"ஏ.ஐ. வந்தா உங்க வேலை போயிடுமா?"

டெஸ்க் வேலையில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. பி.டி.ஐ. என்ற செய்தி நிறுவனம் அனுப்பும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவதுதான் புதிதாகச் சேரும் சப் எடிட்டரின் முதல் பள்ளிக்கூடம். இன்று அதை மிஷின் செய்கிறது. ஒரு நாள் எனக்குத் திருத்த வந்த காப்பியில் "உட்கார்ந்திருக்கும் நீதிபதி தலைமையில் விசாரணை கோரி" என்று இருந்தது. பதவியில் உள்ள நீதிபதியைத்தான் அது அப்படி உட்கார வைத்திருந்தது. இப்போது அந்தத் தப்புகளும் குறைந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஐந்தா மூன்றா என்று கேட்பதை அது செய்யாது. ஆனால் அதைச் செய்ய ஆள் வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்ற வேண்டுமே.

"வேலை போனப்ப என்னக்கா பண்ணீங்க?"

2020 ஜூன். ஊரடங்கு. எச்.ஆர். போன் செய்து, "ராஜினாமா கடிதம் மெயில்ல அனுப்பிடுங்க, நாங்களே டிராஃப்ட் அனுப்புறோம்" என்றார். அவர் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரம் என் இன்னொரு போனில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அன்றைய கொரோனா எண்ணிக்கை வந்தது, பழக்க தோஷத்தில் கூட்டிப் பார்த்தேன். மாவட்டக் கணக்கில் இரண்டு இடித்தது. அதைக் குரூப்பில் சொல்வதற்குள் என்னை நீக்கியிருந்தார்கள்.

அந்த வருடம் வெளியே வந்தவர்களில் சிலர் அரசியல்வாதிகளுக்கு சோஷியல் மீடியா பார்க்கிறார்கள், சிலர் சினிமா பி.ஆர்.ஓ., ஒருவர் திண்டுக்கல்லில் நாட்டுச் சர்க்கரை விற்கிறார். அவர் மூட்டையில் ஒட்டும் லேபிளில் ஒரு எழுத்துப் பிழை இருக்காது.

"அப்ப நான் வரலாமா, வேண்டாமா?"

இதற்கு நான் பதில் சொல்வதில்லை, ஒரு வேலை கொடுப்பேன். பக்கத்து ரேஷன் கடைக்குப் போய் மூன்று மணி நேரம் நின்று இருநூறு வார்த்தை எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் போகாமலே எழுதிவிடுவார்கள். எழுத்து பிரமாதமாக இருக்கும், கடைசியில் சமூகத்துக்கு ஒரு கேள்வியும் இருக்கும். போன வருடம் ஒரு பெண் சுமாராக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். இரவு ஒன்பதரைக்குப் போன்.

"மேடம், கடைக்காரர் இனிஷியல் எஸ் இல்ல, ஏ. திரும்பிப் போய்க் கேட்டேன். மாத்திக்கிறீங்களா?"

எங்கேயும் அச்சாகப் போகாத பயிற்சித்தாள் அது. எழுந்து போய், பையிலிருந்து எடுத்து, மாற்றிக்கொண்டேன்.